கைப்பிடிக் கம்பி

மலை விளிம்பில் கம்பி உக்கிப்போய்
ஒரு சனிக்கிழமை
பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் சாய்ந்தபோது
கையோடு வந்துவிட்டது.
பெடியனுக்கு ஒன்றுமில்லை.
கம்பிதான் இராவணன் வெட்டுக்குள்
மூன்று தரம் மணியடித்துவிட்டு விழுந்தது.

இந்த உப்புக்காற்றில் நிற்கிற மாதிரி
இரும்பு ஒட்டத் தெரிந்தவன்
பக்கத்தில் ஒருவன்தான்:
பாலையூற்று, மெர்வின் பல்தசார்.
"பறங்கியா?" என்றார் பொருளாளர்.
கேட்டுவிட்டுச் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
இந்தச் சொல் எங்கள் வாயில் பல வேலை பார்க்கும்.
கோயிலை இடித்தவனுக்கும் அதுதான்,
ஆறாத புண்ணுக்கும் அதுதான்.
நான் கணக்கெழுதுகிறவன்.
முற்பணம் ஐயாயிரம் என்று மட்டும் சொன்னேன்.

கோட்டை வாசலில் இரண்டு கயல்கள் உண்டு.
முதலில் கோயில் கல்,
பிறகு கோட்டைக் கல்,
இப்போது சிப்பாய் சாய்ந்து நிற்கிற கல்.
மெர்வின் நின்றான்.
மீனின் முதுகை நகத்தால் தடவிப் பார்த்து
"நல்ல உளி" என்றான்.
நானூறு வருடம் கழித்து
அந்தப் பக்கத்திலிருந்து
என் காதில் விழுந்த முதல் அபிப்பிராயம்.

மேலே வந்ததும்
மகள் கலியாணத்துக்கு வாங்கிய சப்பாத்தைக் கழற்றி
மான்கள் எட்டாத வேப்பங்கிளையில் மாட்டினான்.
வாளியோடு பின்னால் அவன் மனைவி டெல்சி.

மூன்று நாள் வேலை.
உச்சிப் பூசை மணியும் அவன் சுத்தியலும்
ஒன்றுக்கொன்று வழி விடவில்லை.
வளைகிற இடத்தில் இரும்பு சிவந்ததும்
திரும்பிப் பாராமல் சொல்வான்:
"ஆகு."
அவள் வாளியைச் சரிப்பாள்.
ஆவி எழும்பி
கோபுரத்துப் பக்கம் போகும்.

இரும்பைப் பார்த்து ஆகு என்கிறானே,
என்னவாக?
உள்ளே ஐயர் நீட்டி ஓதுவதைவிடக்
கட்டையான மந்திரம்,
சொன்ன கையோடு பலிக்கிறது.

இரண்டாம் நாள் டெல்சியிடம் கேட்டேன்.
"தண்ணி" என்றாள்.
"எங்கட பாசையில தண்ணி.
வீட்டுக்குள்ளதான் கதைக்கிறது.
ஆரையும் ஏசோணுமெண்டா வெளியாலயும் கதைப்பம்."
லிஸ்பனைப் பற்றித் தெரியுமா என்றேன்.
"டிவியில பந்தடிப்பாங்கள்.
தோத்தா இந்த மனுசன் சாப்பிடாது."

மூன்றாம் நாள் பின்னேரம்
சுத்தியல் கைநழுவிப் போனது.
எட்டிப் பார்த்தோம், மூவரும்.
உடைத்துத் தள்ளிய தூண்கள்
இன்னும் படுத்திருக்கிற ஆழம் அது.
மெர்வின் தலையைச் சொறிந்துகொண்டு
"ஆயிரத்து எண்ணூறு ரூபாச் சாமான்" என்றான்.

பில் எழுதக் குந்தினேன்.
கடதாசி, மேசை, நான் இருந்த கதிரை,
எல்லாம் அவன் ஆட்கள் கப்பலில் இறக்கிய சொற்கள்.
எண்ணத் தொடங்கி
அலுமாரியில் நிறுத்திவிட்டேன்.
சுத்தியலையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்.
பொருளாளர் சிவப்புப் பேனையால் வெட்டினார்:
"கடலுக்குள் போனதுக்குக்
கோயில் பொறுப்பில்லை."
சொன்னவர் வாய் கொஞ்ச நேரம்
மூடாமல் இருந்தது.
வெட்டிய கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

மெர்வின் கையெழுத்து வைத்தான்,
காசை இரண்டு தரம் எண்ணினான்,
சப்பாத்தை மறந்துவிட்டுப் போய்
கோட்டை வாசலிலிருந்து திரும்பி வந்தான்.

மார்கழிப் புயலுக்கு அடுத்த காலை
நான் போய்ச் சாய்ந்து பார்த்தேன்.
கம்பி அசையவில்லை.
கீழே வெட்டுக்குள் கடல்
ஏறுவதும் வழிவதுமாக இருந்தது.
வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்,
ஆகு.
பக்கத்தில் நின்றவர்
நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து
செருமலை அடக்கிக்கொண்டு
கொஞ்சம் தள்ளி நின்றார்.