ஒருவழி வால்வு

பெற்றோல் அடித்தால் மட்டும்தான் நிற்குது என்றார்
சுகந்தமலர் மிஸ்.
ஒட்டுசுட்டானில் கணிதம் படிப்பிக்கிறவர்.
கார்க்காரர் சொல்வதில் பாதியைத்தான் நான் கேட்பது.
இவர் கொப்பியோடு வந்திருந்தார்.

திகதி, லீற்றர், ஸ்டார்ட் வர எடுத்த செக்கன்கள்.
கால் டாங்கி: சுகம்.
அரை டாங்கி: ஒரு இருமல்.
நிரப்பிவிட்டால்
மாங்குளம் செட் வாசலிலேயே கிடந்து திணறும்.
பின்னால் நிற்கிற உழவு இயந்திரக்காரன்
பொறுமையில்லாமல் ஹோர்ன் அடிப்பான்.

சின்ன எஞ்சின், அறுநூற்றறுபது சீசீ,
கழுத்தில் ஒரு டர்போ.
வவுனியாவில் ஒட்சிசன் சென்சர் மாற்றிவிட்டிருந்தார்கள்:
முப்பத்தெட்டாயிரம்.
பரந்தனில் ஒருவர் மூன்று பிளக்கையும் மாற்றி
பெற்றோலில் தண்ணி என்றாராம்.
மஞ்சள் விளக்கு ஒருவருக்கும் அணையவில்லை.
புகைச் சான்றிதழ் முடிய
இன்னும் ஒன்பது நாள்.

கருவியைச் செருகினேன்.
பெற்றோல் கூட, என்றது.
எங்கே நொந்தாலும்
பிள்ளை தொட்டுக் காட்டுவது தொப்புளைத்தானே.

டாங்கியில் எழும்புகிற ஆவி வெளியே போகக் கூடாது.
கரி அடைத்த ஒரு பெட்டி அதைக் குடித்து வைத்திருக்கும்,
எஞ்சின் கேட்டால் ஒரு வால்வு திறந்து கொடுக்கும்.
மருந்துப் போத்தலில் பெற்றோல் வாங்கின ஆள் நான்.
எஞ்சின் முழிக்கப் பத்துச் சொட்டு,
பிறகு முழுக்க மண்ணெண்ணெய்.
போத்தல் மூடிக்குமேல் பொலித்தீன் சுற்றி
நூலால் இறுக்கிக் கட்டுவோம், மணம்கூடப் போகாமல்.
அதே வேலைக்கு இப்போது
ஜப்பான்காரன் தனிப் பெட்டி செய்து வைத்திருக்கிறான்.

வால்வின் வயரைக் கழற்றினேன்.
வயர் இல்லையென்றால் அது மூடித்தான் இருக்க வேணும்.
எஞ்சினை ஓடவிட்டு
குழாய் வாயில் பெருவிரலை வைத்தேன்.
இழுத்தது.
பசுக்கன்று விரல் சூப்புகிற மாதிரி, விடாமல்.

'பிடிச்சிட்டம் அண்ணை' என்றான் கஜீபன்,
வால்வு விலை கேட்கப் போனையும் எடுத்துவிட்டான்.
பொறு என்றேன்.
இது ஏன் திறந்தபடி நிற்குது?

'மிஸ், டாங்கி மூடி திறக்கேக்க சத்தம் வாறதோ?'
'ஓம். புஸ் எண்டு வெளியில தள்ளும்.'
'எப்பவுமோ?'
யோசித்தார்.
'முறிகண்டியில இருந்து விரட்டிக்கொண்டு வந்தால்.
அதை நான் எழுதேல்லை.'
கொப்பியைப் பார்த்த பார்வையில்
கணக்கில் ஒரு வரி விட்ட கூச்சம்.

அப்போது விளங்கியது.
எஞ்சினுக்குள் போக வேண்டிய டர்போக் காற்று
பின்பக்கமாக டாங்கிவரை நடந்திருக்கிறது.
வழியில் அதை மறிக்க ஒரு காவல் உண்டு,
சின்னிவிரல் அளவு பிளாஸ்ரிக்,
ஒருபக்கம் விடும், மறுபக்கம் விடாது.
கழற்றி வாயில் வைத்து ஊதினேன். போனது.
திருப்பி ஊதினேன்.
அதுவும் போனது.
நாக்கெல்லாம் கசப்பு.

பெரிய வால்வை உள்ளங்கையில் தட்டினேன்.
கரி விழுந்தது, கடுகளவில் மூன்று மணி.
காற்று போய்ப் போய்ப் பெட்டியை உடைக்க,
உடைந்த கரி வந்து வால்வின் பல்லில் இறுகி,
மூடாத வாயால் ஆவி வழிந்து
எஞ்சின் விக்கி,
பழி முழுக்க சென்சருக்கு.

பழைய பெட்டி ஒன்று கொழும்பிலிருந்து
இரவு பஸ்ஸில் வந்தது.
வால்வு இரண்டும் புதிது.
ஐந்தாம் நாள், அதே செட்.
முழுக்க அடி என்றேன்.
காசு அவருடையது, பயம் என்னுடையது.
இம்முறையும் பின்னால் ஒரு உழவு இயந்திரம்.

திறப்பைத் திருப்பினார்.
கஜீபன் வாய்விட்டு எண்ணத் தொடங்கினான்,
'ஒண்டு' முடிய முதல் எஞ்சின் பிடித்துவிட்டது.
விளக்கு இல்லை.
மிஸ் கொப்பியில் எழுதிவிட்டு
அந்தக் கரிமணிகளைக் கேட்டார்.
கடதாசியில் மடித்துக் கொடுத்தேன்.
'பள்ளிக்கூடத்தில காட்டவோ?'
'இல்லை' என்று கியரைப் போட்டார்,
'வவுனியாவில.'