திட்ட விலக்கம்

ஆட்டோக்காரரிடம்
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்றால்
கண்ணாடியில் ஒரு தரம் பார்ப்பார்.
"டாக்டரா மேடம்?"
இல்லை.
"யாரையாச்சும் பாக்கவா?"
அதுவும் இல்லை.
சமூக விஞ்ஞானி என்றதற்கு
ராக்கெட் விடுவீங்களா என்று கேட்டவர் உண்டு.
இருபத்து மூன்று வருடமாக
"சர்வே எடுக்கறேன்" என்று சொல்லி இறங்கிவிடுகிறேன்.

முதல் வேலை கேள்விகளைத் தமிழாக்குவது.
ஏ.சி. அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து
மனச்சோர்வு என்று வைத்தோம்.
வியாசர்பாடியில் ஒருத்தருக்கும் அது இல்லை.
நெஞ்சுல கல்லு,
சோறு எறங்கல,
ஒரு மாதிரியா கீது,
யாரோ உள்ள குந்திகினு எந்திரிக்கவே மாட்றாங்க:
இவை இருந்தன.
"மற்றவை, குறிப்பிடுக" என்ற கட்டம்
அரை அங்குலம்.
ஓரத்தில் எழுதினேன், பின்பக்கம் எழுதினேன்,
எழுத்தைப் பொடியாக்கிக்கொண்டேன்.
இன்றைக்கும் என் கையெழுத்து அப்படித்தான்,
மளிகைச் சீட்டில்கூட.

இரண்டாயிரத்து ஏழு.
குலுக்கலில் ஏகாம்பரத்தின் எண்ணும் விழுந்தது.
ஆண்கள் வார்டு, வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சு.
துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர்.
கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்கு
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
என் படிவத்தைத் திருப்பிப் பார்த்து
"இத்தினி கட்டம் இன்னாத்துக்குமா,
கோடு போட்டா பத்தாதா?" என்றார்.
நோய் எப்போதோ தணிந்துவிட்டதாகக் கேஸ் ஷீட்டே சொன்னது.
கூட்டிப் போக ஆள்தான் வரவில்லை.
ராயபுரத்துக்கு அனுப்பிய கடிதங்கள்
"விலாசதாரர் இல்லை" என்ற முத்திரையோடு
அதே ஃபைலில் துருப்பிடித்த ஊசியில் குத்தியிருந்தன.
தங்கிய காலம்: முப்பத்தொன்பது வருடம்.

மற்றவர்களுக்குச் சராசரி நாற்பது நாள்.
இவரைச் சேர்த்தால் நூற்றியேழு.

முகம் தெரியாத மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்:
அந்த ஒரு எண் எல்லாவற்றையும் இழுக்கிறது,
நீக்கினால் தெளிவு வரும்.
நியாயமான பேச்சு.
வகுப்பில் நானும் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.
ஒரு சனிக்கிழமை இரவு
நூற்றி எண்பத்தாறாம் வரிசையை அழித்தேன்.
கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராய் மேலே ஏறி
அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

கட்டுரை வந்தது.
இணைப் பேராசிரியர் ஆனேன்.
வீட்டில் பால்கோவா வாங்கினோம்.
இப்போதெல்லாம் நிதி விண்ணப்பங்களில்
"தாக்கம்" என்று ஒரு பகுதி இருக்கிறது,
ஐந்நூறு சொல்லுக்கு மிகாமல்.
அந்தக் கட்டுரையைத்தான் முதலில் போடுகிறேன்.

அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
யாரும் போய்ச் சொல்வதில்லை.
எனக்கு என்னவோ, சொல்லாவிட்டால்
திருடினமாதிரி இருந்தது.
பிப்ரவரி மாதம், அதே பெஞ்சு.
"ஐயா, உங்கள எடுத்துட்டேங்க" என்றேன்.

அடுத்த சொல்லுக்கு நான் மூச்சிழுப்பதற்குள்
எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் அலுமினியத் தட்டு,
தோளில் துண்டு,
கக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்ட
தினக் காலண்டர் தாள்கள்.
சட்டையின் மேல் பட்டனைப் போட்டிருந்தார்.
தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.
அட்டெண்டர் மரியசூசை
வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'கணக்கிலிருந்து' என்ற சொல்
என் வாய்க்குள் அப்படியே இருந்தது.

"ராயபுரத்துக்கு இப்ப எந்த பஸ்ஸுமா?"

படிவத்தில் இல்லாத கேள்வி.
விடை எனக்குத் தெரிந்த கேள்வி.
நேர் பஸ் இல்லீங்க,
சென்ட்ரல்ல மாறணும் என்றேன்.

"சில்ற கீதா உங்கிட்ட?"

இருந்தது.