வியாழன் வறண்டிருக்கும்

ஞாயிறு மாலை ஏழு நாட்களை எழுதி அனுப்பினேன்.
திங்கள், வடமேற்குக் காற்று, மிதமாக.
செவ்வாயும் புதனும் சிதறிய மேகம்.
வியாழன் வறண்டிருக்கும்.
மற்ற நாட்களை யாரும் நினைவில் வைக்கவில்லை.

ஓர்த்தா ஊர் வானொலி அதை இரண்டு முறை வாசித்தது,
மாட்டுத்தீவன விலைக்கும்
இரங்கல் அறிவிப்புக்கும் நடுவே.
எர்மீனியு கேட்டிருக்கிறார். கூரை வேலைக்காரர்.
வியாழன் விடிய ஆறு மணிக்கெல்லாம்
தியோலிந்தாவின் ரொட்டிக்கடை மேல் ஏறி
ஓடுகளைக் கழற்றி முற்றத்தில் அடுக்கிவிட்டார்.
அடுப்பு, மாவு மூட்டைகள்,
மரத்தொட்டியில் உப்பிக்கொண்டிருந்த பிசைமாவு
எல்லாம் என் ஒரு வரியை நம்பி
அண்ணாந்து கிடந்தன.

எட்டரைக்குக் கடலுக்கு அப்பால்
பிக்கோ மலையின் உச்சியில் ஒரு தொப்பி.
மற்றபடி எங்கும் நீலம்.

அட்லாண்டிக் மேல் தவழ்ந்து வந்த காற்று
மலையில் முட்டி, வேறு வழியில்லாமல் ஏறும்.
ஏற ஏற அதை அமுக்குவதற்கு ஆள் குறையும்.
விரியும்.
விரிந்த களைப்பில் குளிரும்.
குளிர்ந்த பின் தன் ஈரத்தை அதனால் ஒளிக்க முடியாது.
அப்போதும் ஆவி தானாகத் துளியாவதில்லை,
பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்:
உடைந்த அலை எறிந்த உப்புத்தூள்,
ஏதோ கப்பலின் புகைக்கரி,
வழி தவறி வந்த பாலைவனத்து மண்.
கண்ணுக்குத் தெரியாத ஓர் அழுக்கைச் சுற்றித்தான்
வானம் வெளுக்கிறது.

தொப்பி மலையுடையது போலத் தோன்றும். இல்லை.
ஒரு பக்கம் காற்று நுழைந்து மேகமாகிறது,
மறுபக்கம் இறங்கி வெறும் காற்றாகிறது.
அங்கே நிற்பது யாருமில்லை, ஒரு வடிவம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும்.
மலை தொப்பியைக் கழற்றுமா,
காதுவரை இழுத்துவிடுமா என்பது
தெரியாது.

பத்தரைக்குத் தூறல்.
பதினொன்றுக்கு மழை.
காரை எடுத்துக்கொண்டு இறங்கினேன், பின்னிருக்கையில்
கருவிகளை மூடும் நீலத் தார்ப்பாய்.

உத்தரத்தில் கால் பரப்பி நின்ற எர்மீனியு
மீசையில் நீர் சொட்டக் கேட்டார்:
"சுல்மீரா, இன்றைக்குப் புதன்கிழமையா?"
பதில் சொல்லாமல் ஒரு முனையை நீட்டினேன்.
அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை,
தியோலிந்தா நாற்காலி மேல் ஏறி மூன்றாவது.
நாலாவது மூலையை ஓர் ஆணி பிடித்துக்கொண்டது.

அடுப்பு எரிந்துகொண்டேயிருந்தது.
சூடு மேலே போய்த் தார்ப்பாயில் முட்டியது.
மூட்டைகளை இழுத்ததில் எழுந்த மாவுத்தூள்
எங்கும் மிதந்தது.
சற்று நேரத்தில் பாயின் அடிவயிறு வியர்த்து
முத்து முத்தாகக் கனத்து
ஒன்று என் பிடரியில் விழுந்தது.
"உள்ளேயும் மழையா?" என்றாள் தியோலிந்தா.
ஏன் என்று சொல்லலாம்.
கைகள் இரண்டும் மேலே இருந்தன,
வாயும் அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியிருந்தது.

ஒன்றரைக்கு வெயில், எதுவும் நடக்காதது போல.
பாதி ரொட்டிகள் அமுங்கிப்போயிருந்தன.
அதில் ஒன்றை எனக்குத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்,
முழு விலையும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு எழுதினேன்:
வியாழன், மலையைப் பாருங்கள்.
வானொலியிலிருந்து பெல்மீரு கூப்பிட்டான்.
"இது முன்னறிவிப்பா, பழமொழியா?"
அழித்துவிட்டுச் சிதறிய மேகம் என்று மாற்றினேன்.
அதில் பொய் இல்லை, பயனும் அவ்வளவாக இல்லை.

சன்னலுக்கு வெளியே பிக்கோ
உச்சிவரை முழுசாகத் தெரிந்தது.
கீழே ரொட்டிக்கடையில்
இன்னும் மூன்று வரிசை ஓடு பாக்கி.