கதவு வைக்க மறந்தவள்

காற்று ஒத்துழைக்கும் நாட்களில்
பதினொன்றரைக்கு மண்டபம் நண்டுக் கம்பெனிக்குள்
அக்கரை எஃப்எம் வந்துவிடும்.
வெந்த காலை உடைத்து
ஓட்டுத் துணுக்கு படாமல் சதையை உருவும்போது
யாரென்றே தெரியாத ஒருத்தி தொடங்குவாள்:

உப்பால் ஒரு வீடு கட்டினேன்
கதவு வைக்க மறந்து போனேன்

அப்புறம் இரைச்சல். ஒரு புல்லாங்குழல்.
அவள் நிழல் மட்டும் நீந்திப் போனதாக,
விடியுமுன் சொட்டச் சொட்டத் திரும்பியதாக ஏதோ.
அதற்குள் நேரம் சொல்லிவிடுவார்கள்.

காதல் தோல்வி என்றாள் முனீஸ்வரி.
அவளுக்கு எல்லாப் பாட்டும் காதல் தோல்விதான்,
பால் விலை ஏறிய செய்தியும்.

"கதவு இல்லடி, கனவு.
கனவு வைக்க மறந்து போனேன்.
காதைக் கழுவிட்டு வா" என்றாள் புஷ்பம்.
'த'வா 'ன'வா என்று ஒரு வாரம் சண்டை.
எடை போட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர்
"ரெண்டுமில்ல, கடன்.
நீங்க யாரும் மறக்காம வைக்கிறதுதான்" என்றார்.
தொப்பிகளுக்குள் சிரித்தோம்.

எனக்கு முதல் நாளே கதவுதான் கேட்டது.
கேட்க விரும்பியது வேறு.
கட்டி முடித்த அந்த நேரம்
அவள் எங்கே நின்றாள்?
உள்ளேயா, வெளியேயா?

வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.
கத்திகள் கொஞ்சம் தாமதித்தன.

"வெளியதான்" என்றாள் புஷ்பம்,
தங்கச்சிமடத்தில் மூன்று மகள்களுக்கும்
வீடு எழுப்பிக் கொடுத்துவிட்டு
வாடகை ஓட்டில் இருப்பவள்.

"உள்ளே" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
முனீஸ்வரி தான் உருவிய சதையில் ஒரு கை அள்ளி
என் கிண்ணத்தில் போட்டாள்.
கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்
அது எவ்வளவு என்று.

புதுமடத்து ஷம்லா வந்து மூன்று வாரம்.
இன்னும் விரலைக் கிழித்துக்கொள்கிறாள்.
தலை நிமிராமல் சொன்னாள்:
"உப்பு வீடுதானக்கா.
ஒரு மழை போதாதா?"

மழையாம்.
எங்கள் ஊரில் நின்றுகொண்டு சொல்கிறாள்.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
வரிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
நிழல் நீந்திப் போயிருக்கிறது,
அப்படியென்றால் எங்கோ ஓர் இடுக்கு.
மண் இருந்திருக்கும், செங்கல் இருந்திருக்கும்,
அவள் கை உப்பைத்தான் எடுத்திருக்கிறது.
கதவை யாராவது மறப்பார்களா?
இத்தனை நாள் அழுகை என்று நினைத்த அந்தக் குழல்
ஒருவேளை
வானம் பார்க்கிற மூச்சாக இருக்கலாம்.

போன் அடித்தது. அவர்.
"எங்க நிக்கிற?"
அதே கேள்வி.
"மரைக்காயர்பட்டினம் தாண்டிட்டேன்."
"பின்னாடி என்ன சத்தம்?"
"பஸ்ஸு."

இரண்டு நாளாகப் பாட்டு பிடிக்கவில்லை.
வெறும் இரைச்சலை அணைக்கச் சொல்லவும்
யாருக்கும் மனம் வரவில்லை.

நேற்று வேதாளையில் தூறல்.
கொடித்துணி எடுக்கச் சொல்லி உள்ளேயிருந்து கத்தினார்கள்.
எடுக்கவில்லை. முற்றத்தில் நின்றேன்.
பத்துத் துளி இருக்கும், நின்றுவிட்டது.
புறங்கையை நக்கிப் பார்த்தேன்.
நண்டு வாடைதான்.