ஆறாம் எண் பம்பு

எத்தனை நாளுக்கு என்று கேட்பேன்.
எல்லோரும் குறைத்தே சொல்வார்கள்.
தண்ணீரிடம் யாரும் கேட்டுவிட்டு வருவதில்லை.

ருட்கர் இரண்டு வாரம் என்றார்.
டோர்ட்ரெக்டில், கால்வாயோரச் சந்தின் கோடியில்,
நான்கு வீடுகளுக்கு அடியில் ஒரு கார் நிறுத்துமிடம்.
ஆறாம் எண் பம்பு, இருபத்துநான்கு ஊசிக்குழாய்,
நூற்றிருபது மீட்டர் ஹோஸ்,
டீசல் தனி, முன்பணம் தனி.
கையெழுத்திடும்போது அவர் பேனாவில் மை வரவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.

முதல் இரவு பம்பு காற்றை விழுங்கி இருமியது.
விடிவதற்குள் தொண்டை திறந்துகொண்டது.
கடுந்தேநீர் நிறத்தில் வந்தது நீர்,
கரிய பழஞ்சேற்றின் வாடையோடு,
வெளிச்சத்துக்குக் கூசியபடி
கால்வாயில் இறங்கிப் போனது.
ருட்கர் குழியின் நடுவில் நின்று படம் அனுப்பினார்:
‘வீட்ஸ்கே, பார், பூட்ஸில் ஈரமே இல்லை!’

பக்கத்து வீடு கெர்பிராண்டுடையது.
பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர்.
அவருடைய தாத்தாவின் காலத்துக்கும் முன்னே
அந்த வீட்டுக்கு அடியில் ஊசியிலை மரங்களைத்
தலைகீழாக அறைந்து இறக்கியிருக்கிறார்கள்.
மூழ்கியிருக்கும்வரை அவை மரம்.
காற்று பட்டால் உளுத்த மாவு.

தினமும் காலை ஆறரைக்கு
வேலியோரக் குழாய்க்குள் அளவுநாடாவை விடுவார்.
நுனியில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம்,
தண்ணீரைத் தொட்டால் ‘ப்ளப்’ என்னும்.
அந்த ஓசைக்குத் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பதை
ஒருநாள் பார்த்தேன்.
பிறகு எனக்கு எண் வரும்.

மைனஸ் ஒன்று நாற்பது.
மைனஸ் ஒன்று நாற்பத்தொன்பது.
மைனஸ் ஒன்று அறுபத்திரண்டு.

வேறு சொல் இல்லை. காலை வணக்கம்கூட இல்லை.

ருட்கர் போனில்: இன்னும் ஒரு வாரம்.
சரி என்று எழுதிக்கொண்டேன்.
பிப்ரவரியில் யார் பம்பு கேட்கிறார்கள்?
யார்டில் பதினொன்று
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா நின்றன.
மூன்றாம் வாரத்துக்குத் தள்ளுபடி உண்டென்று
நானேதான் நினைவூட்டினேன்.

வெள்ளிக்கிழமை கெர்பிராண்ட் நேரில் வந்தார்.
கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் இரண்டு கண்ணாடித் துண்டு.
சுவர் விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த ஒரே துண்டு அது,
வியாழன் இரவுவரை.
நீட்டிப்புப் படிவத்தின் மேல்,
என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.
கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.
ஓங்கிச் சாத்தியிருக்கலாம்.

இறைக்கிற கிணறு ஊறும், சரி.
யார் வீட்டு அடியிலிருந்து ஊறும் என்பதை
யாரும் சொல்லி வைக்கவில்லை.

எடுத்த நீரை மண்ணுக்கே திருப்பி ஊட்ட வழி இருக்கிறது.
எங்கள் விலைப்பட்டியலின் எட்டாம் பக்கம்.
அவ்வளவு தூரம் யாரும் புரட்டுவதில்லை,
நானும் புரட்டிக் காட்டியதில்லை.
ருட்கரிடம் தொகையைச் சொன்னேன். சிரித்தார்.
‘அவர் வீட்டுக்கு நான் ஏன்?’

சனிக்கிழமை வண்டியில் நானே ஏற்றினேன்
ஒன்பதாம் எண்ணை. சிறியது, சத்தம் குறைவு.
கெர்பிராண்டின் சுவரோரம் ஆறு குழாய்.
மழை தூறிக்கொண்டிருந்தது, அது ஒன்றுக்கும் உதவாத மழை.
அவர் ஜன்னலுக்குள் நின்று பார்த்தார்,
வெளியே வரவில்லை.
ஒரு பம்பு இறைத்தது, ஒன்று இறக்கியது.
கால்வாய்க்குப் போகவிருந்த தண்ணீர்
வேலி தாண்டித் திரும்பி நடந்தது.

ஞாயிறு: மைனஸ் ஒன்று அறுபது.
திங்கள்: மைனஸ் ஒன்று ஐம்பத்தொன்று.
கூடவே, முதல்முறையாக, ஒரு வரி:
விரிசல் மூடாது.

மூடாதுதான்.

முதலாளி ஒன்பதாம் எண்ணின் சீட்டைத் தூக்கிக் காட்டுகிறார்.
வாடகை என்ற கட்டம் காலி.
எடுத்தவர் பெயர் என்ற கட்டமும் காலி.
எழுதித் தருகிறேன் என்று
பேனாவைத் தேடுகிறேன்.
மேசையில் இல்லை, இழுப்பறையில் இல்லை.
அது ருட்கரிடம் இருக்கிறது.