குதிரைக்குக் கட்டம் இல்லை

தாளில் எட்டுக் கட்டங்கள்.
கரு, களம், காலம், பாத்திரங்கள்,
முரண், உச்சம், குறியீடு, நடை.
வெள்ளிக்குள் நிரப்பியாக வேண்டும்.
மூன்று பேருக்கு ஒரு தாள்.

கெமியார்வியில் டிசம்பர்.
பத்தரைக்கு நீலமாய் ஏதோ வெளிச்சம் வரும்,
இரண்டு மணிக்குப் போய்விடும்.
மீதி நேரமெல்லாம் குழல்விளக்குதான்.
பள்ளி நூலகத்தில், ஹீட்டரை ஒட்டி,
ஈரக் காலுறைகளை அதன்மேல் காயப்போட்டு
உட்கார்ந்திருக்கிறோம்.

நாவலுக்கு நூற்றுமுப்பது வயது.
ஒரு பாதிரியார், ஏப்ரலில்,
உறைந்த ஏரியைச் சறுக்குவண்டியில் கடக்கிறார்.
அக்கரையில் ஒருவன் சாகக் கிடக்கிறான்.
யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது
கடைசிவரை நமக்குத் தெரியாது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பனித்தரை விரிசல் விடுகிறது.
குதிரை உள்ளே போகிறது.
பாதிரியார் வாரை அறுத்துவிட்டுப் பிழைக்கிறார்.
பிறகு இன்னும் நூற்று நாற்பது பக்கம்
அவருடைய மனசாட்சி.

வெய்க்கா நாவலைப் படிக்கவில்லை.
சுருக்கம் படித்தான், அதுவும் பஸ்ஸில்.
ஆனால் கட்டம் நிரப்புவதில் கெட்டிக்காரன்.
"கரு, குற்றவுணர்வு. உச்சம், பனி உடைவது.
முரண் மூன்று வகை.
மனிதனுக்கும் மனிதனுக்கும்,
மனிதனுக்கும் இயற்கைக்கும்,
மனிதனுக்கும் அவனுக்குமே.
மூன்றும் இருக்கு. மூன்றுக்கும் டிக்."

"குதிரைக்கும் பாதிரியாருக்கும் நடந்ததை
எதில் போடுவது?" என்றாள் ஈனெஸ்.
வெய்க்கா பேனாவைச் சுழற்றினான்.
"அது இயற்கையில் வரும்."
"கடிவாளம் மாட்டிய பிறகுமா?"

நடை ஈனெஸின் பங்கு.
விரலை வைத்துச் சொற்களை எண்ணினாள்.
பாதிரியாரின் ஒரு பெருமூச்சுக்கு அறுபது சொல்.
குதிரை மூழ்குவதற்கு மூன்று.
அதை அப்படியே எழுதினாள்,
விளக்கம் எதுவும் சேர்க்காமல்.

குறியீடு என்னுடையது.
பனி எதைக் குறிக்கிறது?
தேடினால் எல்லோரும் ஒரே குரலில், மரணம்.
சிலருக்கு மறதி. யாரோ ஒருவருக்குத் தூய்மை.
எங்கள் வீட்டில் பனி என்றால்
மூன்று மணிக்கு அடிக்கும் அம்மாவின் அலாரம்,
ஃபிளாஸ்கில் காபி,
சென்டிமீட்டர் கணக்கில் ஏறும் ஓவர்டைம்.
எண்பத்திரண்டாம் சாலையில்
பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறாள்.
அவளுக்குப் பனி எதற்கும் உவமையாக இருந்ததில்லை.
மரணம் என்றே எழுதினேன்.
மார்க் வேண்டுமே.

பரீட்சைக்காக நான் இறக்கிய ஒலிநூல்
எங்கள் பொதுக் கணக்கில் கிடந்தது.
ரேடியோவில் தேர்தல் பேச்சு சலித்துப்போய்
அம்மா அதைப் போட்டிருக்கிறாள்,
ஏதோ ஒரு கதை என்று.

வியாழக்கிழமை பள்ளிப் பஸ் பாதி வழியில் நின்றது.
அதுவரை சாலை வழித்திருந்தது,
அதற்கப்பால் முழங்கால் ஆழம்.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார், திட்டினார், அடங்கினார்.
எங்களுக்கு முன்னால்
மஞ்சள் விளக்கு மட்டும் சுழல,
அலகைத் தூக்கி வைத்தபடி லாரி.
அதன் பக்கக் கண்ணாடியில்
சின்னதாய் அம்மாவின் முகம்.
எங்களைப் பார்க்கவில்லை.
பிறகு அலகு இறங்கியது.

ராத்திரி கேட்டேன், எஞ்சின் கோளாறா என்று.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
"குதிரைக்கு ஒரு பேர் வைத்திருக்கலாம்" என்றாள்.
தோலை வழித்துக் குப்பையில் போட்டாள்.

வெள்ளி. எட்டுக் கட்டமும் நிறைந்துவிட்டது.
தாளின் அடியில், ஓரமாய்,
ஸ்கேல் வைத்து ஒன்பதாவது போட்டேன்.
தலைப்பு தோன்றவில்லை.
உள்ளே எழுதினேன்:
பக்கம் 212. சாலை 82.
இருபது நிமிடம் வழிக்கப்படவில்லை.

வெய்க்கா எட்டிப் பார்த்தான்.
"இதற்கு மார்க் கிடையாது."
ஈனெஸ் தாளை இழுத்து
எங்கள் மூன்று பேரையும் எழுதினாள்,
ஒன்றின் கீழ் ஒன்றாக.
நான்காவது வரியில் ஒரு கோடு போட்டு
அதன்மேல் ஒன்றும் எழுதாமல்
மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.