சீட்டு

பீல் நகர நூலகத்தின் மேல்மாடியில்
மூன்று நாள் பயிற்சி.
பாடம்: வாசகரோடு பேசுவது.
சுவரில் ஜெர்மனில் ஒரு தாள், பிரெஞ்சில் ஒரு தாள்.
இந்த ஊரில் குப்பைத்தொட்டிக்கும் இரண்டு பெயர்.

திருமதி கீகாக்ஸ் சொன்னார்:
வருகிறவர் வாயிலிருந்து வருவது
கேள்வி போட்டிருக்கும் உடுப்பு.
கழற்றச் சொல்லாதீர்கள்.
அறையைச் சூடாக வைத்திருங்கள், போதும்.

லொயிக் வாசகன், நான் நூலகர்.
"நாய்களைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?"
"இரண்டாம் மாடி, வலப்பக்கம்."
பூச்சியம்.
அவன் கையிலிருந்த அட்டையில் எழுதியிருந்தது:
மகளை நாய் கடித்துவிட்டது,
பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள்.

மறுபடி. "ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன்.
அதுவும் பிழை.
ஏன் என்பது பொலிஸ்காரரின் சொல்லாம்.
இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டுமாம்.
மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
சொல்லுங்களேன்.
ஏன் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தும்
யாரையும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
வினா ஆறு வகை என்று மனப்பாடம் செய்தவள் நான்.
பரீட்சையில் ஐந்துதான் எழுதினேன்.
ஆறாவது என்னவென்று இன்றுவரை தேடவில்லை,
இவ்வளவு புத்தகங்களுக்கு நடுவில் இருந்தும்.

நான்காம் நாள் கீழே மேசையில் சோதனை.
எனக்குப் பின்னால் முக்காலியில் கீகாக்ஸ்,
மடியில் படிவம்.
என் நெஞ்சில் சாம்பவி என்ற பெயரும்
அதன் கீழே மூன்று மொழிகளும்.

பதினொன்று நாற்பதுக்கு வந்தவர்
மாட்ரெட்ச் வீதிக் கடைக்காரர் குகதாசன் அங்கிள்.
கண்ட இடமெல்லாம் "என்ன பிள்ளை" என்பவர்
இன்று ஜெர்மனில் வணக்கம் சொன்னார்.
"வாங்கோ" என் நாக்கில் பாதி எழுந்துவிட்டது.
அவர் என் பெயரை, முன்பின் அறியாதவர் போல,
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
பிறகு மறுபடி ஜெர்மனில்: தயவுசெய்து.
அந்த இரண்டாவது ஜெர்மன் எனக்குப் புரிந்தது.

சட்டப் புத்தகம் வேண்டும் என்றார்.
இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா என்றேன், ஜெர்மனில்.
"திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால்..."
எழுவாய் இல்லை. செயப்படுபொருள் இல்லை.
வினை மட்டும் தனியே வந்து நின்றது, நனைந்த சப்பாத்தோடு.

முந்நூற்று நாற்பத்தாறில் தொடங்கும் ஓர் எண்ணைத்
துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன்.
அந்தத் தாளுக்கு எங்கள் மொழியில் சீட்டு என்று பெயர்.
அவர் கடையில் இருபது பேர்
மாசம் ஐந்நூறு பிராங்க் கட்டுவதற்கும் அதே பெயர்.
பதினான்காவது ஆள் என் அம்மா.
இன்னும் எடுக்கவில்லை.

கீகாக்ஸின் படிவத்தில்:
பொறுமை நன்று. கேட்டல் நன்று.
வாசகரின் தாய்மொழி தெரிந்தும் பயன்படுத்தவில்லை,
இரண்டு புள்ளி குறைவு.
"ஏன்?" என்றார், தன் பாடத்தையே மறந்து.
நானும் மறந்துவிட்டேன் என்றேன்.

இரவு.
வாசகர் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்ட தாள் என் பையில்.
குசினி மேசையில் அம்மா
நூறு பிராங்க் தாள்களை நீவி நீவி அடுக்குகிறாள்.
ஐந்து.
"நாளைக்குக் குகதாசன்ட கடைக்குப் போகவேணும்."

அப்போதுதான் ஞாபகம் வருகிறது ஆறாவது:
கொடை வினா.
இருக்கிறதா என்று கேட்பது,
இல்லையென்றால் கொடுப்பதற்காக.
எனக்குக் கொடுக்க இருப்பது ஒன்றே ஒன்று.
அதுவும் என்னுடையது இல்லை.

"இண்டைக்கு வேலை என்ன மாதிரி?"
"பரவாயில்லை."
அம்மா காசிலிருந்து கையை எடுத்தாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
எந்த மாடியிலும் எந்தப் பயிற்சிக்கும் போகாதவள்
தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு,
"சொல்லன்" என்றாள்.